புளியமரத் தெருவுக்குக் கடைசித் தண்ணீர்

மாதப்பனுக்குப் பதினோரு வருஷமாக ஒரே குறை. குருவிக்கல்பட்டியில் ஐந்து தெரு. ஐந்துக்கும் சேர்த்து ஒரே மேல்தொட்டி. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர். மற்ற நாலு தெருவும் பிடித்து, குளித்து, மாட்டைக் கழுவி, வாசலுக்கும் தெளித்து முடித்த பிறகுதான் மாதப்பன் இருக்கும் புளியமரத் தெருவுக்கு வால்வு திறக்கும். அதற்குள் தொட்டியில் வேகம் செத்துப் போயிருக்கும். குழாயில் வருவதைப் பார்த்தால் ஏதோ வேண்டா வெறுப்பாகத்தான் வருகிறது என்று தெரியும்.

மேடும் இல்லை, அடைப்பும் இல்லை. காரணம் ஒரே ஓர் ஆள். தொட்டி ஆபரேட்டர் கருப்பண்ணன். அவர் வீடும் அதே தெருவில் இருந்தது.

"தண்ணி தொறக்கிறவன் அவன் தெருவுக்கு மொதல்ல தொறந்தா ஊரு என்னாங்க சொல்லும்?" என்பார்.

"கடைசியா தொறந்தா தெரு என்னா சொல்லும்னு யோசிச்சீங்களா மச்சான்?" என்று மாதப்பன் கேட்டிருக்கிறார். முறைக்கு மச்சான் என்று கூப்பிடுவார். குரலில் அந்த உறவு இருக்காது.

"சொல்லட்டுங்க. நம்ம தெரு தானுங்களே."

இதில் மாதப்பனுக்குப் பெரிய எரிச்சல் வேறொன்று. அவர் வீடு கட்ட மனை தேடிய வருஷம்தான் கருப்பண்ணனுக்கு ஆபரேட்டர் வேலை வந்தது. பள்ளிக்கூடத் தெருவில் நல்ல மனை வந்ததை வேண்டாமென்று விட்டு, ஆபரேட்டர் இருக்கிற தெரு என்றால் தண்ணீருக்குக் கவலையில்லை என்று கணக்குப் போட்டு, புளியமரத் தெருவில் கட்டினார். அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் போட்ட கணக்கு அது. அவர் மனைவி பானுமதி அதைச் சொல்லிக் காட்டாத தண்ணீர் நாள் கிடையாது.

ஒருமுறை பொறுக்க முடியாமல் திங்கட்கிழமை பஸ் ஏறிக் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தார். மனு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு இறங்கி, அங்கிருந்து கீழே இறங்கி, இன்னும் கீழே இறங்கி, கடைசியில் விசாரித்து அறிக்கை கொடுக்கும்படி கருப்பண்ணன் கையிலேயே வந்து சேர்ந்தது. கருப்பண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு குடத்தைப் பார்க்க வேண்டும் என்று மாதப்பன் வீட்டுக்கே வந்தார். குழாயடியில் குடத்தை வைத்து, வாட்ச் பார்த்து, நிரம்ப எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொண்டார். "மனுதாரர் சொல்வது முழுக்க உண்மை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஒரு வாரத்தில் மாதப்பன் போனுக்கு, மனு ஏற்கப்பட்டு முடிக்கப்பட்டது என்று செய்தி வந்தது. தண்ணீர் வழக்கம்போலக் கடைசியாக வந்தது.

ஆட்சி நல்லபடியாக நடக்க வேண்டும் என்று டீக்கடையில் மாதப்பன் அடிக்கடி பேசுவார். எல்லாரும் பேசுவதுதான். ஊருக்கெல்லாம் நல்லபடியாக நடந்துவிட்டு, தன் தெருவுக்கு மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் தேவலை என்பது அதில் சொல்லாமல் விடுகிற பாதி. கருப்பண்ணனிடம் அந்தப் பாதி செல்லுபடியாகவில்லை.

கருப்பண்ணன் முன்பு ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கல்யாணம் ஆன மூன்றாம் நாள், புதுப்பெண் செல்லி மாமியார் வீட்டுக்குப் போக அதே பஸ்ஸில் ஏறினாள். தாலிக்கயிற்றில் மஞ்சள் ஈரம் காயவில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் "டிக்கெட் எடுங்க" என்று கையை நீட்டினார் மனுஷன். செல்லியிடம் சில்லறை இல்லை. பக்கத்திலிருந்த ஒரு பூக்காரம்மா எடுத்துக் கொடுத்தாள். அதுகூடப் போகட்டும். பல வருஷம் கழித்து ஒருநாள் பஸ் முதலாளியின் மைத்துனனிடமும் அதே கையை நீட்டினார். மறுநாள் பையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சமயம் ஊரில் தண்ணீர்ச் சண்டை. முந்தின ஆபரேட்டர், தனக்கு யார் கோழி அடித்துச் சாப்பாடு போட்டார்களோ அவர்கள் தெருவுக்குத் திறப்பான். குடத்தால் மண்டை உடைந்து ஒரு கேஸ் வரைக்கும் போனது. பொண்டாட்டிக்கே டிக்கெட் கிழித்தவன் ஒருத்தன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று அப்போதைய பஞ்சாயத்துத் தலைவர் காதில் யாரோ போட்டார்கள். வால்வு திறக்கிற நீளக் கம்பி கருப்பண்ணன் கைக்கு வந்தது. தெருவுக்கு முப்பத்தைந்து நிமிஷம். தலைவர் வீடு இருக்கும் மேலத் தெருவுக்கும் அதே முப்பத்தைந்து. காலனிக்கும் அதே முப்பத்தைந்து. மரியாதையில் குறை வைக்க மாட்டார். வால்வுக் குழி மேல் படுத்திருக்கும் எருமையைக்கூட "கொஞ்சம் நவுருங்க" என்றுதான் எழுப்புவார்.

பிள்ளை வளர்ப்பிலும் இதே சட்டம். மகன் சிலம்பரசன் எவனோடாவது சண்டை போட்டு வந்தால், முதலில் மகனுக்கு இரண்டு விழும். விசாரணை அதற்கப்புறம். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்துக்கு இவரைக் கோட்டுப் பக்கம் நிற்க வைத்தார்கள். சிலம்பரசனும் வாத்தியார் மகனும் ஒரே மூச்சில் கோட்டைத் தாண்டினார்கள். சிலம்பரசன் நெஞ்சு ஒரு விரல்கடை முன்னால் இருந்ததை மாதப்பனே பார்த்தார். கருப்பண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல் தன் மகனை இரண்டாவது என்றார். பையன் அழவில்லை. சோப்பு டப்பாவை வாங்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றான். எவர்சில்வர் தூக்கு வாத்தியார் வீட்டுக்குப் போனது.

இப்படி வளர்ந்த சிலம்பரசனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மாதப்பன் மகள் ஜெயபிரியா ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் சொன்னாள்.

ஜெயபிரியா அரூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டாள். தன் விஷயத்தையும் மூன்று வருஷமாகச் சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமை கம்பைநல்லூரிலிருந்து ஒரு குடும்பம் பூ வைக்க வருகிறது என்று பானுமதி புதுப்புடவை எடுத்து வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

மாதப்பன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"எந்த சிலம்பரசன்?"

"நம்ம தெருவுல எத்தினி சிலம்பரசன்ப்பா இருக்காங்க?"

"அந்தத் தண்ணிக்காரன் மவனா?"

"ஸ்ரீபெரும்புதூர்ல கார் கம்பெனியில வேலை செய்யறாரு. தண்ணிக்காரர் மவன்தான்."

"எங்க பாத்த, எப்ப பேசின?"

ஜெயபிரியா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். லீவுக்கு வரும்போது சிலம்பரசன்தான் அப்பாவுக்குப் பதில் கடைசி வால்வைத் திறக்க வருவான். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் இவள் குடத்தோடு நிற்பாள். ஒரு குடம் நிரம்ப ஏழு நிமிஷம். வீட்டுக்கு ஐந்து குடம்.

"மூணு வருஷம்ப்பா. பேசாம எப்பிடி நிக்கறது?"

பானுமதி அடுப்படியிலிருந்தே பேசினாள். "சீக்கிரம் தண்ணி வர்ற தெருவுல வூடு கட்டியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது."

மாதப்பன் தவிட்டுக் கையோடு எழுந்தார். முறை சரி. சாதி சரி. பையனுக்கு வேலையும் இருக்கிறது. இதெல்லாம் அவருக்கும் தெரிந்ததுதான் கொடுமை. வேண்டாம் என்று சொல்ல அவரிடம் இருந்தது தண்ணீர் ஒன்றுதான். அதைக் காரணமாகச் சொன்னால் ஊர் சிரிக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

"நான் ஓடிப் போவ மாட்டேன்ப்பா," என்றாள் ஜெயபிரியா. "நீங்க சரின்னு சொன்னாத்தான். ஆனா கம்பைநல்லூர்க்காரங்க வர்ற அன்னைக்கு நான் தலை வார மாட்டேன். அவுங்களா பாத்துட்டுப் போவட்டும்."

ஓடிப் போவேன் என்று மிரட்டியிருந்தால் மாதப்பனுக்குக் கத்தத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மகளைக் கண்டிக்க முடியாத கோபத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் தொட்டியடிக்குப் போனார். உன் மகனை நீ அடக்கு என்று சொல்லிவிட்டு வந்தால் விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தார்.

கருப்பண்ணன் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேலத் தெரு ஓடுதுங்க. இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்குது. உக்காருங்க."

"உக்கார வரல மச்சான். உங்க மவன் விஷயம்."

"அவன் விஷயம்னா கடைசியாத்தானுங்க கேக்கணும்."

பன்னிரண்டு நிமிஷம் மாதப்பன் காத்திருந்தார். கோபம் ஆறிவிடக் கூடாதே என்று தொட்டியைச் சுற்றி நடந்தார். வால்வை மாற்றிவிட்டு வந்து, கருப்பண்ணன் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க. என்ன புகாரு?"

மாதப்பன் சொன்னார். கருப்பண்ணன் முகம் சுருங்கியது. கேட்டு முடித்ததும் மகனுக்குப் பரிந்து ஒரு சொல் வரும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பிடி பிடிக்கலாம் என்று மாதப்பன் தயாராக இருந்தார். அது வரவே இல்லை.

"தப்புங்க. ஒரு பொண்ண வளத்தவங்க வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது. அவன் உங்க பொண்ணுக்கு ஏத்தவன்தானான்னு நேர்ல போயி விசாரிக்கிறேன். செவ்வாக்கெழமை வந்து சொல்லிடறேன். அவன் சரியில்லன்னா நானே வேண்டான்னு சொல்லிடுவேன்."

"விசாரிக்கறதா? பெத்த மவன போயா?"

"பெத்தவன்தானுங்க சரியா விசாரிக்கணும்." பிறகு வால்வுக் கம்பியை எடுத்து மாதப்பன் கையில் வைத்தார். "ஞாயித்துக்கெழமையும் செவ்வாக்கெழமையும் தண்ணி நாளு. நீங்க பாத்துக்கணும்."

மாதப்பனுக்குக் காது கேட்டது சரியா என்று சந்தேகம். "நானா? உங்க மேல மனு குடுத்தவன்கிட்டயா?"

"அதாங்க குடுக்கறேன். வேண்டியவன்கிட்ட குடுத்தா ஊரு பேசும். உங்களுக்கும் எனக்கும் ஆவாதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

அன்று சாயந்திரமே மொரப்பூரில் ரயில் ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாதப்பன் குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு தொட்டியடிக்குப் போனார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாகப் புளியமரத் தெருவுக்கு முதலில் திறந்தார். குழாய் பீச்சியடித்ததில் பானுமதி பிடித்திருந்த குடம் கவிழ்ந்தது. இவ்வளவு வேகத்தை அந்தத் தெருக் குழாய்கள் பார்த்ததில்லை. இரண்டு குழாய் தலையைக் கழற்றிக்கொண்டு போயின. மாதப்பன் அந்தச் சந்தோஷத்தில் வாட்ச் பார்க்க மறந்தார். ஒரு மணி நேரம் ஓடியது. மற்ற தெருக்களுக்கும் வேண்டியவன், வேண்டாதவன் பார்க்காமல் தாராளமாக விட்டார். காலனிக்கு வரும்போது தொட்டி கரகரவென்றது. மேலத் தெருவுக்குக் காற்று மட்டும் போனது.

பத்து மணிக்கு இருபது பெண்கள் காலிக் குடத்தோடு வாசலில் நின்றார்கள். பானுமதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஏங்க, கருப்பண்ணன் எங்கங்க?" என்றாள் முன்னால் நின்ற ஒருத்தி. "அவரு ஊருல இல்லாதது தெரிஞ்சிருந்தா ரெண்டு நாளைக்கு முன்னயே பிடிச்சு வெச்சிருப்போமே."

"நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன்ல."

"நீங்க பாத்துக்கிட்ட லட்சணத்தத்தான் பாத்துட்டு வந்திருக்கோம். குடம் உங்களுக்கு எத்தினி வேணும்? எல்லாத்தையும் இங்கயே வெச்சிட்டுப் போறோம். நிரப்பி வையுங்க."

மாதப்பன் தன் வீட்டு அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றினார். இருபது குடத்துக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு அண்டாவும் காலியானது. கடைசியில் மாட்டுத் தொட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மாடு பார்த்துக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் புளியமரத் தெருவுக்குக் கடைசியாகத்தான் திறந்தார். மனம் மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த ஊர்த் தொட்டி சின்னது, அதைக் கட்டினவன் சரியில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். குழாயடியில் ஜெயபிரியா குடத்தோடு நின்றிருந்தாள். கம்பியோடு வந்த அப்பாவைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஏழு நிமிஷம் ஆவுதாப்பா?"

"ஒம்பது," என்றார் மாதப்பன் கடுப்பாக.

அன்று மத்தியானம் கருப்பண்ணன் வந்துவிட்டார். பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக மாதப்பன் வாசலுக்கு வந்து, நோட்டை எடுத்தார். பானுமதி மோர் கொடுத்தாள். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினார். ஜெயபிரியா கதவுக்கு உள்பக்கம் நின்றாள். அவள் நிற்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி உட்கார்ந்தார்கள்.

"மொதல்ல தங்கியிருக்கிற ரூம்பு. ஆறு பேரு. துவைக்காத துணி மூலையில கெடக்குது. பாதி இவனுது."

"வேலைக்குப் போறவன் துணி மூலையிலதான் கெடக்கும்," என்றார் மாதப்பன்.

"ரெண்டாவது, சாப்பாட்டுக் கடையில கேட்டேன். ஒரு வேளைக்கு அஞ்சு பரோட்டா திங்கறானாம். அளவு தெரியாதவன்."

"இருவத்தாறு வயசுல நான் எட்டு தின்னேன்."

"மூணாவது, சூப்பர்வைசரு சொன்னாரு, எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டானாம். தைரியம் பத்தாதுன்னு எழுதியிருக்கேன்."

"அடக்கமான பையன்னு எழுத வேண்டியதுதான?" மாதப்பன் குரல் ஏறியது. "உங்க கைக்கு வேற எழுத்தே வராதா?"

கருப்பண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புகார் கொடுத்தவருக்குச் சாதகமாகத்தான் அவர் எல்லாவற்றையும் திரட்டி வந்திருந்தார். மேலே படித்தார். நாலாவது, பைக்கை வேகமாக ஓட்டுகிறான். ஐந்தாவது, கன்னடக்காரப் பையன் ஒருத்தனோடு சேர்ந்து கன்னடம் கற்றுக்கொண்டு வீட்டுக்குத் தெரியாமல் பேசுகிறான். ஒவ்வொன்றுக்கும் மாதப்பன் பதில் வைத்திருந்தார். தான் பையனுக்கு வக்கீலாக உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. கருப்பண்ணன் ஒரு விஷயம் சொல்லி, அதை அப்படியே ஒத்துக்கொள்வது என்பது பதினோரு வருஷமாக அவர் உடம்பில் இல்லை.

"ஆறாவதுதான் பெருசு," என்றார் கருப்பண்ணன். "போன வருஷம் சொல்லாம கொள்ளாம மூணு நாளு வேலைக்குப் போவல. பொறுப்பில்லாதவன். தேதி வாங்கியாந்திருக்கேன். ஆவணி ஒம்பது, பத்து, பதினொண்ணு."

பானுமதி விரல் விட்டு எண்ணினாள். "ஏங்க, அது செல்லிக்கு வயித்துல ஆபரேஷன் பண்ண நாளாச்சே. பையன்தான் ஆஸ்பத்திரியில கூட இருந்துச்சு. நான் கஞ்சி எடுத்துக்கிட்டுப் போனேன். அம்மாவுக்குத் தலை வாரிக்கிட்டு இருந்துச்சு."

கருப்பண்ணன் நோட்டைப் பார்த்தார். தேதியின் மேல் விரலை வைத்தார்.

"அந்த மூணு நாளும் நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார் மாதப்பன்.

"பத்தாம் தேதி தண்ணி நாளுங்க."

"மத்த ரெண்டு நாளு?"

"மோட்டார் பழுதுங்க. ஆளு வந்தாங்க. கூட நிக்கணுமில்ல."

மோர் டம்ளரில் ஒரு ஈ உட்கார்ந்தது. கருப்பண்ணன் அதை ஓட்டவில்லை.

"என்னா மனுசன் நீங்க," என்றார் மாதப்பன். கத்தத்தான் வாயைத் திறந்தார். பாதியில் சத்தம் இறங்கிவிட்டது. "பெத்தவளுக்குத் தலை வாரின பையனப் போயி பொறுப்பில்லாதவன்னு எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க. இதவிட ஒரு பொண்ணு வூட்டுக்காரனுக்கு என்னாய்யா வேணும்?"

"அப்ப குடுத்துடலாமா?" என்றாள் பானுமதி. இதற்காகவே தூணில் சாய்ந்து காத்திருந்தவள் மாதிரி கேட்டாள்.

மாதப்பன் திரும்பிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பேசியதையெல்லாம் திரும்ப அள்ளி வாயில் போட்டுக்கொள்ள முடியுமா என்று ஒரு கணம் பார்த்தார். முடியாது.

"கம்பைநல்லூர்க்காரங்களுக்கு யாரு சொல்றது?"

"நான் நேத்தே சொல்லிட்டேன்," என்றாள் பானுமதி.

உள்ளே எவர்சில்வர் பாத்திரம் எதுவோ விழுந்து உருண்டது. மாதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "குடுக்கலாம். ஆனா ஒண்ணு மச்சான். சம்பந்தி ஆயிட்டேன்னு என் தெருவுக்கு இருக்கிறதயும் கொறச்சிடாதீங்க."

கருப்பண்ணன் அதை உண்மையாகவே யோசித்தார். "முப்பத்தஞ்சுதானுங்க. கொறைக்க மாட்டேன்," என்றார். சிரிக்கவில்லை. நோட்டை மூடி, மறுபடி திறந்து, ஆறாவது வரியைக் குறுக்கே அடித்தார். அப்புறம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தார்.

"பையன் எங்க? உங்க கூட வரலியா?" என்று கேட்டாள் பானுமதி.

"சாயந்திர வண்டியில வரானுங்க. விசாரிக்கப் போனவனும் விசாரிக்கப்பட்டவனும் ஒண்ணா வந்தா நல்லா இருக்காதுன்னு நான் முந்தின வண்டியில வந்துட்டேன். என்ன எழுதியிருக்கேன்னு கேட்டான். காட்டல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"மாதப்பன், ஒரு ஒத்தாசை பண்ணணுங்க. ஆறரைக்கு மொரப்பூர்ல வண்டி நிக்கும். எனக்கு அப்பத்தான் தொட்டி ஏத்துற நேரம். இத்தினி வருஷத்துல நான் ஒருநாளும் டேசனுக்குப் போயி அவனக் கூட்டியாந்ததில்ல. இன்னைக்கு நீங்க போங்க. முடிவு என்னான்னு அவன் மூஞ்சப் பாத்து நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான். கூடவே அவனப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லுங்க. இப்ப எங்கிட்டச் சொன்னீங்களே, அந்த மாதிரி. எனக்கு அது வராதுங்க."